யாகூப் பாய் கழித்த ஈரல்

யாகூப் பாயைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய வலது கைக் கட்டைவிரலில் இருந்துதான் தொடங்க வேண்டும். எருமையின் ஈரலை மேடையில் போட்டு, அந்த விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்திக்கொண்டே போவார். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே கத்தி இறங்கும். குளக்கரையில் மேய்ந்த எருமையென்றால் பித்தக் குழாய்க்குள் இலை போலத் தட்டையாகப் புழு இருக்கும். சில மாடுகளில் வேறொன்று இருக்கும். வெள்ளைத் தோல் மூடிய நீர்க்கட்டி. ஈரலிலும் இருக்கும், நுரையீரலிலும் இருக்கும். எலுமிச்சை அளவும் உண்டு, தேங்காய் அளவும் உண்டு. கீறினால் தெளிந்த தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், உள்ளே குட்டிக் குட்டியாக இன்னும் கட்டிகள் மிதக்கும்.

இத்தனை விவரம் பேசுகிற நான் மாட்டுக்கறி சாப்பிடாதவன். கொள்கையெல்லாம் ஒன்றும் இல்லை, வாய் பழகவில்லை. என் பெயர் சபரீஷ், சொந்த ஊர் சூலூர், கோயமுத்தூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். அறுப்புக்கூடத்தில் முத்திரை குத்திய கறியை பாயின் கடைக்குக் கொண்டுபோய் இறக்குவது என் காலை வேலை. நான் தேங்காய் லோடு அடிப்பதாகத்தான் என் அம்மாவுக்கு இன்றுவரை நினைப்பு. தேங்காய் வண்டிக்கு எதற்கு இத்தனை தண்ணீர் விட்டுக் கழுவுகிறாய் என்று அவர் கேட்டதில்லை, நானும் வாயைத் திறந்ததில்லை.

பாயின் கடை கோட்டைமேட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. அவருடைய அப்பா, அவர் வார்த்தையில் அத்தா, வைத்த கடை. நடுவில் கொஞ்ச காலம் சவூதிக்குப் போய் ஒரு கறிக் கம்பெனியில் வேலை பார்த்தார். எல்லாமே இயந்திரம், கையுறை, பிளாஸ்டிக் உறை. "கறியக் கையில தொடாமயே வேல தம்பி, எனக்கு அங்க கையே மரத்துப்போச்சு" என்று திரும்பி வந்துவிட்டார். ஆள் ஒல்லி. அறுப்புக்கூடத்துக்கு வெள்ளைச் சட்டையில் வந்து அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வேலை முடிந்ததும் குளித்து, அதே வெள்ளைச் சட்டையில் வெளியே போகிற மனுசன். இத்தனை ரத்தத்துக்கு நடுவில் நிற்கிறவர் ஊசி என்றால் மயங்கி விழுவார். தடுப்பூசி முகாமில் அவரை நானும் இன்னொருவரும் தாங்கிப் பிடித்திருக்கிறோம். அவர் மனைவி ஜன்னத்துக்கு அதைச் சொல்லிச் சிரிப்பதில் தனி ருசி. "ஊருக்கே ஈரல் பாத்துச் சொல்றவரு, ஊட்டுக்கு ஒரு முருங்கக்கா எளசாப் பாத்து வாங்கத் தெரியாதுங்க" என்பார்.

பாய்க்கு ஒரே ஒரு பெருமை உண்டு. கெட்ட ஈரலை அவர் யாருக்கும் விற்றதில்லை. மற்ற சிலர் கட்டி இருக்கிற மூலையை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தராசில் வைப்பார்கள். பாய் முழு ஈரலையும் கழித்துவிடுவார். "நம்ம ஊட்டுப் புள்ளைக்கு ஆக்கிக் குடுக்காதத அடுத்த ஊட்டுப் புள்ளைக்குக் குடுக்கறதா?" என்பார். அதனாலேயே அவர் கடை ஈரலுக்குக் கரும்புக்கடைப் பகுதியிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள்.

கழித்த ஈரல் எங்கே போகும் என்பதில்தான் கதை இருக்கிறது. அறுப்புக்கூடத்தின் பின்பக்கம் அதற்கென்று ஒரு குழி உண்டு, மேலே இரும்பு மூடி. மூடி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. குழிக்கு அந்தப் பக்கம் ஒரு சுவர், சுவருக்கு வெளியே நாய்கள். பாயின் அத்தா காலத்திலிருந்தே கழித்ததெல்லாம் சுவரைத் தாண்டித்தான் போகும். எல்லாரும் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். பாய் மட்டும் சுவர் இடிந்த இடத்தில் நின்று பங்கு வைத்துப் போடுவார். நொண்டி நாய்க்குத் தனியாக, குட்டி போட்டதற்குத் தனியாக. தூர நின்றுதான் போடுவார். நாயின் எச்சில் பட்டால் கழுவிவிட்டுத்தான் தொழ முடியும். "மனுசனுக்கு ஆகாததுதான், அதுக வயிறு கல்லையும் செரிக்கும் தம்பி. வாயில்லாத சீவன், நமக்கு ஒரு நன்மை சேரட்டும்" என்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு நிம்மதியாக இருக்கும்.

முத்திரை குத்த வருகிற மாட்டு டாக்டர் கோவிந்தராஜுலு ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டார்.

"பாய், நாய்க்குப் போடக் கூடாதுங்க. குழியில போட்டு மூடோணும். ரூல்ஸ்."

"சரிங்க சார்" என்றார் பாய். டாக்டர் ஜீப்பில் ஏறிய பிறகு என்னிடம் முணுமுணுத்தார். "மனுசனுக்கும் இல்ல, நாய்க்கும் இல்ல, மண்ணுக்கா குடுக்கறது? நல்ல ரூல்ஸ்."

நானும் ஆமாம் போட்டேன். பசியோடு நிற்கிற நாய்க்கு முன்னால் ஈரலைப் புதைக்கச் சொல்கிற சட்டம் என்ன சட்டம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

அந்தச் சுவருக்கு வெளியே, புளியமரத்தடியில், பழனியாத்தாள் அக்காவின் டீக்கடை. புருசன் விசைத்தறியில் வேலை பார்த்துச் செத்துப்போனவர். மகன் கவினுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அக்காவுக்குத் துணை என்றால் ஒரு நாய்தான். குட்டியாகச் சாக்கடையில் கிடந்ததை எடுத்து வந்து வளர்த்தது. பெயர் டைகர். பூனையைக் கண்டால் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்கிற டைகர். அது அக்காவின் கட்டில் காலடியில்தான் படுக்கும். அக்கா அதன் கழுத்தைச் சொறிந்துகொடுத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சர்க்கரை டப்பாவைத் திறப்பார். யாராவது முகம் சுளித்தால், "ஏனுங்க, பாய் குடுக்கற ஈரலத் தின்னு வளந்த ஒடம்புங்க இது. உங்களவிடச் சுத்தமுங்க" என்று ஒரே போடு போடுவார். பாய் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரிப்பார்.

போன வருசம் அக்காவுக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம். வாயு என்று சீரகத் தண்ணீர் குடித்தார். பெருங்காயம் கரைத்துக் குடித்தார். ஒரு நாள் பால் சட்டியைத் தூக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானும் பாயும் அவரை என் ஆட்டோவின் முன்சீட்டில் உட்கார வைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாய் பின்னால், கறி ஏற்றுகிற இடத்தில், வெள்ளைச் சட்டையோடு குந்திக்கொண்டு வந்தார்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கட்டி என்றார்கள். கட்டி என்றதும் எங்கள் மூவருக்கும் ஒரே நினைப்புதான், யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அறுவை சிகிச்சை டாக்டர் லோகப்பிரியா, சின்ன வயசுப் பெண், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா, கேன்சர் இல்ல. இது ஒரு புழுவால வர்ற நீர்க்கட்டி. ஊட்டுல நாய் வளக்கறீங்களா?"

"ஒண்ணு இருக்குதுங்க."

டாக்டர் கையால் காற்றில் ஒரு உருண்டை வரைந்து காட்டினார். "வெள்ளத் தோல், உள்ள சுத்தமான தண்ணி, அதுக்குள்ள குட்டிக் குட்டியா இன்னும் கட்டிக. இது மாடு, எருமையோட ஈரல்ல இருக்குமுங்க. அத நாய் தின்னா நாயோட குடல்ல புழு வளரும். புழுவோட முட்ட நாயோட பீயில வரும், முடியில ஒட்டும். நாயத் தொட்ட கைய நாம வாயில வெச்சா நம்ம ஈரலுக்கு வந்துரும். வந்து பல வருசம் சத்தமில்லாம வளரும். அந்த முட்ட புல்லுல விழுந்து மாடு மேஞ்சா மறுபடி மாட்டுக்கு. ஏம்மா, உங்க பக்கத்துல மாடு அறுக்கற எடம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

நான் பாயைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

"இருக்குதுங்க" என்றார் அக்கா. "ஆனா எங்க பாய் அப்படியெல்லாம் கெட்டது போட மாட்டாருங்க கண்ணு. நெம்பச் சுத்தமான மனுசன். இதா, இவருதானுங்க."

பாய் எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா, பாவம், மனுசனுக்கு ஊசி போடும் இடமே ஆகாது என்று டாக்டரிடம் சொல்லிச் சிரித்தார்.

நான் போய்ப் பார்த்தபோது பாய் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மனுசனுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுதான போட்டேன்" என்றார். "சுத்திக்கிட்டு வந்து மனுசன் ஈரல்லயே உக்காந்துருக்குது. அதும் யாரு ஈரல்ல பாரு தம்பி. ஒவ்வொரு ஊர்லயும் கறி வெட்டற நாங்க இப்படித்தான் போடறோம். நாங்க போட்டதுதான் மாட்டுக்கும் போயி எங்க மேடைக்கே திரும்பி வருது."

அவர் அழுதார். நான் அவரை அதுவரை அழுது பார்த்ததில்லை. எனக்கு அந்த மாட்டு டாக்டர் மேல் கொதித்துக்கொண்டு வந்தது. ரூல்ஸ் என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரிந்த மனுசனுக்கு ஏன் என்று ஒரு வாக்கியம் சொல்ல வாய் வலித்ததா?

மறுநாள் பாய் அவரிடமே போய் நின்றார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து நானும் கூடப் போனேன். பாய் மெதுவாகத்தான் கேட்டார். "ஏனுங்க சார், அன்னைக்கே காரணத்தச் சொல்லியிருக்கலாமுங்கல்ல?" கோவிந்தராஜுலு முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தார். "சொல்லிச் சொல்லி ஒருத்தரும் கேக்காம உட்டுப்போட்டேனுங்க பாய். உங்ககிட்டயாச்சும் சொல்லியிருக்கோணும். தப்புதானுங்க" என்றார். அப்படிச் சொல்கிற ஆளிடம் எப்படிக் கோபப்படுவது? நான் கொண்டுபோன கோபம் என்னிடமே தங்கிவிட்டது. குழி மூடியைக் கடப்பாரை போட்டு நெம்பியபோது டாக்டரும் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு கை பிடித்தார்.

ஆபரேசனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அக்காவை வார்டில் சேர்த்தாயிற்று. பாய் தினமும் போவார், பிஸ்கட் பாக்கெட்டை வைத்துவிட்டு வந்துவிடுவார். ஒன்றும் சொல்ல முடியவில்லை அவரால். "சொல்லாதீங்க பாய்" என்று நானும் தடுத்தேன். "டாக்டரம்மா சொன்னத அக்கா சரியாப் புரிஞ்சுக்கல. அப்படியே உட்டுருங்க. இப்பச் சொல்லி அந்தம்மா மனசையும் ஒடச்சுட்டு, நல்ல பேரையும் கெடுத்துக்கிட்டு, யாருக்கு என்ன லாபம்?"

பாய் தலையாட்டவில்லை. "எங்க மார்க்கத்துல ஒண்ணு இருக்குது தம்பி. அல்லாவுக்குச் செஞ்ச தப்ப அல்லா மன்னிப்பான். மனுசனுக்குச் செஞ்சத அந்த மனுசன்தான் மன்னிக்கோணும். அல்லாகூட அதுல குறுக்க வர மாட்டான். அக்கா உள்ள போயி, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, நான் யாருகிட்டப் போயிக் கேக்கறது?"

ஆபரேசனுக்கு முந்தின நாள் மாலை இரண்டு பேரும் போனோம். அக்கா தலை வாரி, பச்சைத் துணி போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி டைகர் சாப்பிடுகிறதா என்பதுதான். பாய் கட்டில் ஓரத்தில், நின்றபடியே, எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. கழித்த ஈரல் என்று தெரிந்தேதான் போட்டேன் என்றார். நாய்க்கு ஆகும் என்று நினைத்தேன் என்றார். மாட்டு டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை என்றார்.

"என்னய மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உதடு கோணிக்கொண்டது.

"அந்த டாக்டர் புள்ளகிட்ட உங்களச் சுத்தமான மனுசன்னு சொன்னேனுங்களே பாய்" என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இப்ப வாயில வரலீங்க. பொழச்சு வந்தாப் பாக்கலாம்."

பாய் வெளியே வந்து வேகமாக நடந்தார். எனக்கு அக்கா மேல் கோபம் வந்தது, அடுத்த நிமிசமே அது போய்விட்டது. விலாவுக்குள் தேங்காய் அளவு கட்டியைச் சுமந்துகொண்டு இருக்கிறவரிடம் உடனே மன்னிக்கச் சொல்ல நான் யார்? கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க அது என்ன டீயா?

ஆபரேசன் நடந்த அன்று பாய் கடை திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கவின் ஒரு பக்கமும் பாய் ஒரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். கவினுக்கு விசயம் தெரிந்துவிட்டது, அவன் பாயைப் பார்க்கவே இல்லை. லோகப்பிரியா டாக்டர் வெளியே வந்து, கட்டி உடையாமல் முழுசாக எடுத்தாயிற்று, அம்மா நன்றாக இருக்கிறார் என்று சொன்னபோது பாய் அந்தத் தரையிலேயே நெற்றி வைத்தார். அக்கா கண் விழிப்பதற்குள் கிளம்பிவிட்டார். பிழைத்து வந்ததும் பதில் கேட்டு நிற்கிறவன் என்று அவர் நினைத்துவிடக் கூடாதாம்.

அக்கா பல மாதம் திருப்பூரில் மகன் வீட்டில் இருந்தார். டைகரையும் கூட்டிப்போனார். இங்கே பாய் கழித்த ஈரலையும் நுரையீரலையும் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடினார். மற்றவர்களையும் விடவில்லை, யாராவது சுவர்ப் பக்கம் கையை ஓங்கினால் ஓடிப்போய் மறிப்பார். "பாய்க்கு நாய்க மேல என்ன கோவம்?" என்று கேலி செய்தார்கள். அவர்களை உட்கார வைத்து, காற்றில் உருண்டை வரைந்து, அந்தச் சுற்று முழுவதையும் சொல்வார். காரணத்தைச் சொல்லாமல் ஒரு நாளும் தடுத்ததில்லை. சுவர் இடிந்த இடத்தில் நாய்கள் வழக்கமான நேரத்துக்கு வந்து உட்கார்ந்து அவரையே பார்க்கும். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கடைசியில் நல்ல கறியில் கழிகிற சவ்வையும் கொழுப்பையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிய அண்டாவில் குழையக் குழைய வேகவைத்துக் கொண்டுவந்து போட்டார். "மாப்பிள்ளைக்குக்கூட இப்படி ஆக்கிப் போட்டதில்லீங்க" என்று ஜன்னத் தலையில் அடித்துக்கொண்டார்.

இந்த ஆடி மாசத்தில் புளியமரத்தடியில் மறுபடி அடுப்பு புகைந்தது. அக்கா இளைத்திருந்தார். சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சோப்பு டப்பா, ஒரு குடம் தண்ணீர். நான் போய் உட்கார்ந்தேன். பாய் வரவில்லை. அறுப்புக்கூட வாசலில் நின்று பார்த்துவிட்டு, வேறு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார். இப்படியே பல நாள். அக்காவும் கூப்பிடவில்லை. நான் நடுவில் உட்கார்ந்து டீயை விழுங்க முடியாமல் தவித்தேன். இரண்டு பேருக்கும் நல்லது நினைக்கிறவன் பாடு இருக்கிறதே, அது பெரும்பாடு.

ஒரு நாள் அக்கா அறுப்புக்கூட வாசல் வரைக்கும் எழுந்து வந்தார். பின்னால் டைகர். பாய் குளித்து முடித்து வெள்ளைச் சட்டையில் வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பாய், நல்ல ஈரலா ஒரு துண்டு வேணுமுங்க. நல்லா வெந்ததா."

"இருக்குதுங்கக்கா" என்றார் பாய். "எதுக்குங்க?"

"டைகருக்குப் புழு மாத்திர குடுக்கோணுமுங்க. மாட்டு டாக்டரு குடுத்துருக்காரு. சோத்துல வெச்சாத் துப்பிப்போடறான், பிஸ்கட்டுல வெச்சாப் பிஸ்கட்ட மட்டும் திங்கறான். உங்க ஈரலுக்குத்தான் மயங்குவான்."

பாய் வீட்டுக்கு ஓடினார். ஓடினார் என்றால் நிசமாகவே ஓடினார், அந்த வயசில். ஜன்னத் வேகவைத்துக் கொடுத்த ஈரலோடு திரும்பி வந்தார். துண்டை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார், வெந்த ஈரலை யாராவது அப்படிப் பார்ப்பார்களா? நடுவில் கீறி மாத்திரையை உள்ளே வைத்தார். தூர நின்று டைகர் முன்னால் போட்டார்.

டைகர் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தது.

"கீழ கெடக்கறதத் திங்கக் கூடாதுன்னு பழக்கிட்டனுங்க" என்றார் அக்கா. "கையில குடுத்தாத்தான் திம்பான். எனக்கு வயித்துத் தையல் இன்னும் குனிய உட மாட்டேங்குது. நீங்களே குடுங்க பாய்."

பாய் ஒரு கணம் தயங்கினார். பிறகு துண்டை எடுத்துத் தூசியைத் தட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, மண்ணில் குந்தி உட்கார்ந்தார். அத்தனை வருசம் அத்தனை நாய்களுக்குப் போட்ட மனுசனின் உள்ளங்கையை அன்றைக்குத்தான் ஒரு நாயின் நாக்கு தொட்டது. டைகர் மாத்திரையோடு சேர்த்து விழுங்கிவிட்டு, விரல் இடுக்கையும் விடாமல் நக்கியது. பாய் கையை இழுக்கவில்லை.

அவர் எழுந்தபோது அக்கா சோப்பை எடுத்து வந்திருந்தார், குடத்தை நான் தூக்கி வந்து வாசல் கல்லில் வைத்திருந்தேன். பாய் கையை நீட்டினார், அக்கா சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றினார். தொழுகைக்காகவும் டாக்டரம்மா சொன்னதற்காகவும் பாய் முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கழுவி முடித்த பிறகும் கையை எடுக்காமல் நின்றார். கண்ணிலிருந்தும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எனக்கும்தான் வந்தது, சொல்வதில் என்ன வெட்கம்.

"போதுமுங்க பாய், சுத்தமாயிருச்சு" என்றார் அக்கா. "அன்னைக்கு வாயில வரலீங்க. இப்பச் சொல்றேன். மன்னிச்சுட்டேன். வாங்க, வந்து டீயக் குடிங்க."